ஒரு முழம் இடைவெளி

ஃப்ரே பென்டோஸில் ஆற்றைப் பார்த்த தெருவில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் படம்,
போன மார்ச்சிலிருந்து இதுவும்:
வெவ்வேறு இடத்தில் இருக்கும் இருவரை
ஒரே படத்தில் நிற்கவைத்துத் தருவது.
வேலை இயந்திரத்துடையது.
நான் சொற்களைத் தட்டுவேன், காசு வாங்குவேன்.

பெரும்பாலும் காதலர்கள்.
ஒருமுறை ஒரு பல் டாக்டர், கால்பந்து வீரனோடு.
ரெமிஹியோ வந்தது மழையில்,
மாத்தே கோப்பை கையில், தெர்மாஸ் கக்கத்தில்.

இரண்டு படம் கொண்டுவந்திருந்தார்.
ஒன்று அவருடைய ஓட்டுநர் உரிமம்.
மற்றது நாளிதழில் கத்தரித்தது:
பாலத்தின் குறுக்கே கூட்டம், பதாகைகள்,
மூன்றாம் வரிசையில் ஒரு தொப்பி,
தொப்பிக்குக் கீழே அனிபால்.
"தம்பி. வியாழக்கிழமை போய்விட்டான்.
ஒன்பதாம் நாள் பூசைக்கு வைக்க
நாங்கள் சேர்ந்து நிற்கும் படம் கேட்கிறாள் அவன் மகள்.
இருக்கும் என்று நினைத்துவிட்டாள்."

இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.
இக்கரையில் காகிதக்கூழ் ஆலை வந்தது.
அண்ணன் அதற்கு யூகலிப்டஸ் கட்டை லாரி ஓட்டினார்.
அக்கரையில் பெண் எடுத்த தம்பி
பாலத்தை மறித்தவர்களோடு போய் உட்கார்ந்தார்.
மூன்று வருடத்துக்கும் மேல் பாலம் அடைந்து கிடந்தது.
பிறகு பாலத்தைத் திறந்தார்கள்.
பாலத்தை மட்டும்.
நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
நீர் எங்கே விலகியது?
அது பாட்டுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் படத்தில் அனிபாலின் கை அண்ணன் தோளில்.
"எடு அதை. அவன் போடமாட்டான்."
எடுத்தேன். அடுத்ததில் அண்ணன் கை தம்பி தோளில்.
"நானும்தான்."
மூன்றாவதில் கன்னத்தோடு கன்னம் வைத்து
இருவரும் ஒரே பல்வரிசையில் சிரித்தார்கள்.

தொடவேண்டாம் என்று தட்டினேன்.
ஒரு முழம் இடம் விடு என்று தட்டினேன்.
விட்டது. விட்ட இடத்தில் ஒரு பூந்தொட்டி வைத்தது.
தொட்டியை எடுக்கச் சொன்னால்
இருவர் மூக்கும் கலந்த ஒரு குழந்தை.
அதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது,
கோடிக்கணக்கில் படம் தின்று வளர்ந்தது.
படத்துக்கு நிற்கிறவர்கள் நெருங்கித்தானே நிற்கிறார்கள்.
பேசாமலிருக்கும் இருவரை
யார் எடுத்து மாட்டிவைத்தார்கள்,
அது பார்த்துப் படிக்க?

நடுவில் ஒன்றுமே இருக்கக்கூடாது
என்று அழுத்தித் தட்டினேன். நாய் வந்தது.
பழுப்பு. இடது காது மடிந்தது.
இருவர் கையும் அதன் மேல்.

ரெமிஹியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இந்தக் காது இதற்கு எப்படித் தெரியும்?"
தெரியாது, தற்செயல் என்றேன்.
"மிலிகோ. எங்கள் நாய். ஆனால் கறுப்பு."
கறுப்பாக்கட்டுமா?
"வேண்டாம், வேண்டாம்.
இன்னும் சொன்னால் இன்னும் தருமே அது."

கடைசியில் பழைய வேலையைத்தான் செய்தேன்.
உரிமத்தில் இருந்த முகம் ஒன்று, தொப்பி முகம் ஒன்று,
பாஸ்போர்ட் அளவில், ஒரே தாளில்,
நடுவே வெள்ளை.
பழக்கத்தில் கத்தரியை எடுத்தேன்.
"வெட்டாதே. இப்படியே அனுப்பிவிடு.
இதுதான் நாங்கள்."
தம்பி முகம் பத்திரிகைப் புள்ளிகளாய்
உடைந்திருந்தது. அவர் பொருட்படுத்தவில்லை.

எண்பது பெசோவை எண்ணி வைத்தார்.
கதவு வரை போனார். மழை விட்டிருந்தது.
திரும்பி வந்து, அந்த நாய், என்றார்,
நாயை மட்டும் தனியாக.
பெரிதாக்கி, ஓரங்களை எவ்வளவு நெருக்கி வெட்டியும்
பிடரியில் இரண்டு விரல்கள் கூடவே வந்தன.
யாருடையவை என்று
அவரும் கேட்கவில்லை.